கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளை மூட யார் காசு கொடுக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணெயை எடுத்துக் காசு பார்த்தவர்தான் கிணற்றை மூடும் செலவையும் ஏற்க வேண்டும், அந்தக் காசை எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன. அங்கே கணக்கு வழக்கு வெளியே கிடைக்கிறது, சண்டையும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கைவிடப்பட்ட கிணறுன்னா எண்ணெய் தீர்ந்துபோன கிணறா?

எண்ணெய் முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. எடுக்கிற செலவுக்கு வருமானம் கட்டுப்படியாகவில்லை என்றாலே நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பிறகு முறையாக மூடாமல் விட்டால் அது கைவிடப்பட்ட கிணறு. அதற்குப் பொறுப்பேற்க யாருமே இல்லை, நிறுவனம் திவாலாகிவிட்டது அல்லது யார் தோண்டினார்கள் என்றே தெரியவில்லை என்றால் அதை அநாதைக் கிணறு என்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைவிட்ட கிணறுக்கு முதலாளி இன்னும் இருக்கலாம், அவரை இன்னும் பிடிக்கலாம்.

எத்தனை இருக்கும்? ஏதோ நூறு இருநூறுதானே?

அமெரிக்காவில் மட்டும் கைவிடப்பட்ட கிணறுகள், பிற்பாடு மூடப்பட்டவற்றையும் சேர்த்து, 30 லட்சத்துக்கு மேல் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் மதிப்பீடு. அதில் பாதிக்கு மேல் முறையாக மூடப்படாதவை. 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் முதல் வணிகக் கிணறு தோண்டப்பட்டது, ஆனால் அந்த மாநிலத்தில் தோண்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி வந்ததே 1950களின் நடுவில்தான். இடைப்பட்ட கிட்டத்தட்ட நூறு வருடங்களில் யார் எங்கே தோண்டினார்கள் என்பதற்கு முழுமையான பதிவு கிடையாது. இன்றைக்கு டிரோனில் காந்தமானியைக் கட்டிப் பறக்கவிட்டு, காட்டுக்குள் புதைந்திருக்கும் இரும்புக் குழாய்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணெய் எடுக்கிறதை நிறுத்தியாச்சு, அப்படியே விட்டா என்ன கெட்டுப்போகும்?

கிணறு என்பது நிலத்தடி நீர் இருக்கும் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு, உப்புநீரும் எண்ணெயும் வாயுவும் இருக்கும் ஆழம் வரை போகிற ஓட்டை. உள்ளே இரும்பு உறைக்குழாயும் அதைச் சுற்றிச் சிமென்ட்டும் இருக்கும் வரை ஒன்றோடொன்று கலக்காது. இரும்பு துருப்பிடித்து, சிமென்ட் விரிசல் விட்டுவிட்டால் கீழே இருப்பது மேலே வர வழி கிடைத்துவிடும். குடிநீரில் உப்பும் பென்சீனும் கலக்கலாம், வீட்டுக்கு அடியில் வாயு சேர்ந்து வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

மீத்தேன் கசிவு தனிக் கதை. 20 வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எல்லாக் கிணறும் ஒரே அளவு கசிவதில்லை, சின்னப் பங்குக் கிணறுகள்தான் மொத்தக் கசிவில் பெரும்பகுதியை விடுகின்றன. அதனால் எதை முதலில் மூட வேண்டும் என்று அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மேல ரெண்டு மூட்டை சிமென்ட்டைக் கொட்டி மூடிட்டா முடிஞ்சுது, இதுக்கு ஏன் இவ்வளவு செலவு?

அப்படி மூடின கிணறுகள்தான் இன்றைக்குத் தலைவலி. அந்தக் காலத்தில் மரக்கட்டை, கல், கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சரியாக மூடுவது என்றால் முதலில் ரிக் வண்டி போவதற்குப் பாதை போட வேண்டும். உள்ளே இருக்கும் உற்பத்திக் குழாயையும் கம்பிகளையும் உருவி எடுக்க வேண்டும், அவை துருப்பிடித்துப் பாதியில் அறுந்தால் அறுந்த துண்டைத் தேடிப் பிடித்து இழுக்கவே நாள்கணக்கில் ஆகும். பிறகு கிணற்றைக் கழுவி, எண்ணெய் அடுக்குக்கு ஒரு சிமென்ட் அடைப்பு, நன்னீர் அடுக்குக்குக் கீழே ஒன்று, மேல்மட்டத்தில் ஒன்று என்று பகுதி பகுதியாக இறக்கி, இறுகவிட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் தரைக்குச் சில அடி கீழே குழாயை வெட்டி, இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, மண்ணைப் போட்டு, எண்ணெய் ஊறிய மண் இருந்தால் அதையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

2021-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கிணறுகளின் செலவைப் பார்த்து ஓர் ஆய்வு வந்தது. மூடுவதற்கு மட்டும் இடைநிலைச் செலவு (பாதிக் கிணறுகளுக்கு இதைவிடக் குறைவு, பாதிக்கு அதிகம்) சுமார் 20,000 டாலர், நிலத்தைப் பழையபடி சீராக்குவதையும் சேர்த்தால் சுமார் 76,000 டாலர். ஆயிரம் அடி ஆழம் கூடக்கூடச் செலவு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. அபூர்வமாக ஒரே கிணறுக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டிய செலவும் உண்டு.

சரி, சட்டப்படி யார் கொடுக்கணும்?

காகிதத்தில் இதில் குழப்பமே இல்லை. கிணற்றின் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மூட வேண்டும். எண்ணெய் எடுக்கும் நாடுகளில் பெரும்பாலும் இதுதான் விதி, அழுக்காக்கியவரே சுத்தம் செய்ய வேண்டும் என்ற கொள்கை. மூட வேண்டிய நாள் வரும்போது உரிமம் வைத்திருப்பவரிடம் காசு இருக்குமா என்பதில்தான் எல்லாம் கோட்டை விடப்படுகிறது. கீழே வரும் கேள்விகள் முழுக்க அதைப் பற்றித்தான்.

அதுக்குத்தான் முன்னாடியே டெபாசிட் வாங்குறாங்களே?

வாங்குகிறார்கள், தொகையைப் பாருங்கள். அமெரிக்காவில் மத்திய அரசு நிலத்தில் தோண்ட ஒரு குத்தகைக்குக் குறைந்தபட்சப் பிணைத்தொகை 10,000 டாலர் என்று 1960-ல் வைத்தார்கள். ஒரு கிணறுக்கு அல்ல, குத்தகைக்கு, அதில் எத்தனை கிணறு இருந்தாலும் சரி. ஒரு மாநிலம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டுவதென்றால் 25,000 டாலர், அது 1951-ல் வைத்தது. அறுபது, எழுபது வருடம் விலைவாசி ஏறியும் இந்த எண் அசையவில்லை. 2018-ல் அரசு கையில் இருந்த பிணைத்தொகையைக் கிணறுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கிணறுக்கு 2,122 டாலர் வந்தது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2019-ல் எழுதியது. மேலே சொன்ன 76,000 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2024-ல்தான் குத்தகைக்கு 1,50,000 டாலர், மாநிலத்துக்கு 5,00,000 டாலர் என்று உயர்த்தி விதி வந்தது. கடலில் நிலைமை இன்னும் மோசம். மெக்சிகோ வளைகுடாவில் கிணறுகளையும் மேடைகளையும் அகற்ற 4,000 முதல் 7,000 கோடி டாலர் தேவைப்படும், அரசு கையில் இருக்கும் பிணை சுமார் 350 கோடி டாலர். இது அதே தணிக்கை அலுவலகம் 2024-ல் சொன்ன கணக்கு.

பெரிய கம்பெனி தோண்டின கிணறு பேர் தெரியாத சின்னக் கம்பெனி கைக்கு எப்படிப் போகுது?

கிணறு முதலில் வேகமாகக் கொடுக்கும், அப்புறம் வருடா வருடம் குறையும். பெரிய நிறுவனம் நல்ல வருடங்களை எடுத்துக்கொண்டு, வரத்து குறைந்ததும் சின்ன நிறுவனத்துக்கு விற்றுவிடும். அது இன்னும் கொஞ்சம் எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதற்கு விற்கும். கடைசியாக வாங்குகிறவரிடம் கிணறு சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும், ஆனால் மூடும் பொறுப்பு முழுசாக அவர் தலையில். நாளைக்குத் திவாலானால் இழப்பதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றுமே இருக்காது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். திமோர் கடலில் 'நார்தர்ன் எண்டெவர்' என்று ஒரு மிதக்கும் உற்பத்திக் கப்பல், வுட்சைடு நிறுவனம் 1999-ல் அதில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. வயல் முதுமையடைந்த பிறகு, 2016-ல் அது ஒரு சின்ன நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2020-ல் அந்த நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பலும் கடலடிக் கிணறுகளும் அரசின் தலையில் விழுந்தன. அரசு அந்தச் செலவைப் பொதுமக்கள் மேல் போடாமல், கடலில் எண்ணெய் எடுக்கும் எல்லா நிறுவனங்களிடமும் பீப்பாய்க்கு 48 சென்ட் தீர்வை வசூலிக்கச் சட்டம் போட்டது. துறை கடுமையாக எதிர்த்தது, அரசு பின்வாங்கவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

கம்பெனி திவாலானா பேங்குக்குத்தானே முதல்ல கொடுப்பாங்க? கிணறு எங்க வரும்?

கனடாவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆல்பர்ட்டாவில் ரெட்வாட்டர் என்ற சின்ன எண்ணெய் நிறுவனம் 2015-ல் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்த வங்கிக்கு வர வேண்டியது சுமார் 50 லட்சம் கனடிய டாலர். நிறுவனத்திடம் கிணறு, குழாய்ப் பாதை எல்லாம் சேர்த்து 127 சொத்துகள். சொத்தைப் பொறுப்பேற்ற கணக்காளர் நிறுவனம் அதில் காசு பெறும் 20-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வேண்டாம் என்று தள்ளிவிடப் பார்த்தது. தள்ளிவிட்டால் மூடும் செலவு, எண்ணெய் நிறுவனங்களிடம் தீர்வை வாங்கி நடத்தும் அநாதைக் கிணறு நிதியத்துக்கு, வித்த காசு வங்கிக்கு. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் இதற்குச் சரி என்றன. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்ற தீர்ப்பில் அதைத் திருப்பிப் போட்டது: கிணற்றை மூடுவது பொதுமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை, திவாலைக் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது, சொத்தில் இருக்கும் காசு முதலில் அதற்குப் போக வேண்டும்.

இந்தத் தீர்ப்பின் உண்மையான பலன் கடன் கொடுக்கும் இடத்தில் தெரியும். மூடும் செலவு தன் கடனுக்கு முன்னால் நிற்கிறது என்று தெரிந்தால், எந்த வங்கியும் கடன் கொடுக்கும் முன் கிணறுகளின் வயதைக் கேட்கும். ஆனால் சொத்தே இல்லாத நிறுவனத்திடம் முன்னுரிமை கிடைத்து என்ன செய்வது? அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

முறைப்படி வித்துட்டுப் போனவரை இருபது வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு காசு கேட்கிறது நியாயமா?

நியாயம் என்றுதான் நினைக்கிறேன். நல்ல வருடங்களின் எண்ணெயை எடுத்தவர் அவர். யாருக்கு விற்கிறோம், அவரால் மூட முடியுமா என்று பார்க்கும் வாய்ப்பும் அவருக்குத்தான் இருந்தது. பழைய உரிமையாளரும் பொறுப்பு என்று சட்டம் இருந்தால், விற்கும்போதே வாங்குபவரிடம் மூடும் செலவுக்கு உத்தரவாதம் கேட்டு வாங்குவார். அரசு அதிகாரியைவிட அவருக்கு அந்தக் கிணறுகளைப் பற்றி நன்றாகத் தெரியும்.

இது புது யோசனையும் அல்ல. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, வட கடலில் விற்றுவிட்டுப் போன நிறுவனத்தையும் திரும்பக் கூப்பிடலாம். அமெரிக்கக் கடல் பகுதியிலும் முந்தைய உரிமையாளர்கள் பொறுப்புதான். 2020-ல் ஃபீல்டுவுட் என்ற நிறுவனம் திவாலானபோது செலவின் ஒரு பகுதி பழைய உரிமையாளர்களிடம் திரும்பிப் போனது. மேலே சொன்ன கப்பல் விவகாரத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவும் 2021-ல் இப்படிச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்துக் கிணறுகளில்தான் பல இடங்களில் இந்தப் பிடி இல்லை.

தோண்டினவங்க யாருமே இப்ப உயிரோட இல்லைன்னா?

1900-ல் தோண்டிய கிணறுக்கு ஆளைத் தேடிப் பயனில்லை. இங்கே இரண்டே வழி: இன்றைக்கு எண்ணெய் எடுக்கும் துறை முழுவதும் சேர்ந்து கொடுப்பது, இல்லையென்றால் எல்லா வரி செலுத்துவோரும் கொடுப்பது. நான் முதலாவதைச் சொல்வேன். ஆல்பர்ட்டாவில் நிறுவனங்களிடமிருந்து ஆண்டுதோறும் தீர்வை வாங்கி அநாதைக் கிணறு நிதியத்தை நடத்துகிறார்கள். தீர்வை தேவைக்குக் குறைவாக வைக்கப்பட்டது, அரசும் கடன் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது, அது உண்மை. தொகையைக் கூட்ட வேண்டும், முறையில் தப்பில்லை.

இன்றைய நிறுவனம் அன்றைய பாவத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அன்று கட்டிய குழாய்ப் பாதைகள், அன்று வரைந்த நில வரைபடங்கள், அன்று வளர்ந்த சந்தை, எல்லாவற்றின் மேல்தான் இன்றைய லாபமும் நிற்கிறது. சொத்தை எடுத்துக்கொள்கிறவர் கடனையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெட்ரோலை எரிச்சது நாமதானே? நாம காசு கொடுக்கிறதுல என்ன தப்பு?

எரித்ததற்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டோம். அந்த விலைக்குள் மூடும் செலவும் இருந்திருக்க வேண்டும். ஒரு லட்சம் பீப்பாய் கொடுத்த கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூடிச் சீராக்க 76,000 டாலர் என்றால் பீப்பாய்க்கு 76 சென்ட். ஓடும்போதே ஒதுக்கியிருந்தால் யாரும் உணர்ந்தே இருக்க மாட்டார்கள். அதே கிணறு கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பீப்பாய் கொடுக்கும்போது அந்தத் தொகையை ஒரே வருடத்தில் திரட்டப் பார்த்தால் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் ஆகும், எண்ணெய் விலையையே விழுங்கிவிடும். தொகை அதே தொகைதான், எப்போது கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முன்பணத்தை ஏத்தினா சின்னக் கம்பெனி எல்லாம் மூடிட்டுப் போயிடும், அப்போ அநாதைக் கிணறு இன்னும் அதிகமாயிடாதா?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் கடினமானது, இதில் உண்மையும் இருக்கிறது. சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் ஐம்பது கிணறு வைத்திருக்கும் ஒருவரிடம் திடீரென்று முழுத்தொகையையும் கேட்டால் அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் புதுக் கிணறுக்கும் கைமாறும் கிணறுக்கும் முழுத்தொகையை முன்னாலேயே வாங்க வேண்டும் (கலிஃபோர்னியா 2023-ல் கைமாறும் கிணறுகளுக்கு அப்படித்தான் சட்டம் போட்டது), பழைய கிணறுகளுக்கு எடுக்கும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தனி நிதியில் போட வேண்டும்.

ஆனாலும் ஒன்று. மூடும் செலவைச் சேர்த்தால் நடத்தவே முடியாத தொழில் என்றால், அது இத்தனை நாளும் அடுத்தவர் காசில்தான் நடந்திருக்கிறது. அதைக் காப்பாற்றுவது அரசின் வேலையில்லை.

"தற்காலிகமா நிறுத்தி வச்சிருக்கோம்"னு சொன்னா ஒண்ணும் செய்ய முடியாதாமே?

பல இடங்களில் நிலைமை அப்படித்தான். விலை ஏறினால் திரும்ப எடுப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காக விட்டுவிடுகிறார்கள். மூடுவதைவிட அப்படி வைத்திருப்பது மலிவு, அவ்வளவுதான் காரணம். மேற்குக் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2019-ல் செயலற்ற கிணறுகளை இத்தனை வருடத்துக்குள் சுத்தம் செய்தாக வேண்டும் என்று கெடு வைத்தது, மேற்குக் கனடாவிலேயே அதுதான் முதல். இப்படிக் கெடு இல்லாமல் பிணைத்தொகையை மட்டும் ஏற்றினால் பாதி வேலைதான் முடியும்.

நிலத்துக்காரர் வாடகை வாங்கினாரே, அவரும் கொஞ்சம் போடட்டுமே?

வட அமெரிக்காவில் பெரும்பாலும் நிலத்தின் மேல்பரப்பு ஒருவருக்கு, கீழே இருக்கும் எண்ணெய் வேறு ஒருவருக்கு அல்லது அரசுக்கு. ஆல்பர்ட்டா விவசாயியால் தோண்டாதே என்று சொல்லக்கூட முடியாது, வாடகையைத்தான் பேச முடியும். நிறுவனம் ஓடிவிட்டால் அவருக்கு மிஞ்சுவது வயலின் நடுவே துருப்பிடித்த குழாயும் டிராக்டரை வளைத்து ஓட்ட வேண்டிய வேலையும்தான். அங்கே நிறுவனம் வாடகை கொடுக்காவிட்டால் மாகாண அரசே கொடுக்கும்படி தீர்ப்பாயம் சொல்லலாம், ஆக அந்த வாடகையையும் பொதுமக்கள்தான் கட்டுகிறார்கள். எண்ணெய் உரிமைக்குப் பங்குத்தொகை வாங்கியவர்கள் கதை வேறு, அவர்கள் பங்கிலிருந்து கொஞ்சம் பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை.

யார் கொடுத்தா என்ன, அரசாங்கம் கொடுத்தா வேலையாவது நடக்குமே?

கசிந்துகொண்டிருக்கும் கிணறு வழக்கு முடியும் வரை காத்திருக்காது, அதனால் பொதுப் பணத்தை முற்றிலும் எதிர்க்கவில்லை. அமெரிக்கா 2021-ல் அநாதைக் கிணறுகளுக்கு 470 கோடி டாலர் ஒதுக்கியது, ஆயிரக்கணக்கான கிணறுகள் அதில் மூடப்பட்டன. நிஜமான அநாதைகளுக்கு அது தேவைதான்.

கனடா 2020-ல் ஒதுக்கிய 170 கோடி கனடிய டாலரில்தான் எனக்குக் கோபம். அதில் பெரும்பங்கு உயிரோடு இருக்கும் நிறுவனங்களின் செயலற்ற கிணறுகளைச் சுத்தம் செய்யப் போனது. தொற்றுக் காலத்தில் வேலை கொடுப்பதற்காக என்றார்கள், சரி, ஆனால் கடனாகக் கொடுத்திருக்கலாமே? அநாதைக் கிணறு நிதியத்துக்கே 20 கோடியைக் கடனாகத்தானே கொடுத்தார்கள்? காத்திருந்தால் அரசு வரும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், எந்த நிறுவனமும் சொந்தக் காசில் சீக்கிரம் மூடாது.

முன்னாடியே காசை ஒதுக்கி வச்சு உண்மையிலேயே பயன்பட்ட கதை ஏதாவது இருக்கா?

இருக்கிறது, அழகான கதை இல்லை. 2004-ல் ஐவன் புயலில் லூசியானாவுக்கு அருகே டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் மேடை சரிந்து, கிணறுகள் சேற்றில் புதைந்து, வருடக்கணக்காக எண்ணெய் கசிந்தது. நிறுவனம் மற்ற சொத்துகளை விற்று ஏறத்தாழக் காலியானது. ஆனால் 2008-ல் அரசு 66.6 கோடி டாலரைத் தனி அறக்கட்டளை நிதியில் போட வைத்திருந்தது. 2021-ல் வழக்கு சமரசமானபோது அதில் மிச்சமிருந்த 43.2 கோடி டாலர் அரசின் கைக்கு வந்தது. அந்த நிதி இல்லையென்றால் அத்தனையும் பொதுப் பணம்தான்.

எண்ணெய்க் கிணறைத் தண்ணிக் கிணறா மாத்திட்டா யார் பொறுப்பு?

டெக்சாஸில் எண்ணெய்க்காகத் தோண்டி, பிறகு தண்ணீர்க் கிணறு என்று மாற்றி எழுதப்பட்டவை உண்டு. பேகோஸ் மாவட்டத்தில் அப்படி ஒன்று பொங்கி, கந்தக நாற்றமடிக்கும் உப்பு ஏரியே உருவாகிவிட்டது, போமர் ஏரி என்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளைக் கவனிக்கும் மாநில ஆணையம் அது தண்ணீர்க் கிணறு, எங்கள் வேலையில்லை என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், எதற்காகத் தோண்டப்பட்டது என்பதை வைத்துத்தான் பொறுப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

மூடின கிணறு முப்பது வருஷம் கழிச்சு மறுபடி கசிஞ்சா?

கசியலாம், சிமென்ட்டும் நிரந்தரமில்லை. பிரிட்டனில் கடலில் விட்டுவைத்த எதற்கும் உரிமையாளரின் பொறுப்பு முடிவதே இல்லை. நிலத்தில் பல இடங்களில் சான்றிதழ் கொடுத்து சில காலம் கழித்துப் பொறுப்பு அரசுக்குப் போய்விடுகிறது. அதனால் பிணைத்தொகையை மூடிய அன்றைக்கே முழுவதும் திருப்பிக் கொடுக்காமல், ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, கசிவை அவ்வப்போது அளந்து பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். நிறுவனமே இல்லாமல் போன பிறகு கசிந்தால், பத்தாவது கேள்வியில் சொன்ன துறைத் தீர்வை நிதியிலிருந்துதான் திரும்ப மூட வேண்டும். அந்தத் தீர்வையை நிர்ணயிக்கும்போதே இந்த மறுவேலைக்கும் ஒரு தொகை சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், இப்போதைக்குப் பெரும்பாலான இடங்களில் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.